முதலாம் எண் பெருஞ்சாலை

நாட்டு வரலாற்றை மன்னர்களின் பெயராலும் போர்களின் பெயராலும் எழுதுவது வழக்கம். சாலைகளின் வழியே அதனைப் படிப்போர் சிலரே. தெற்கே ஜொகூர் பாருவில் தொடங்கி, வடக்கே கெடாவின் எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாம் வரை செல்லும் கூட்டரசின் முதலாம் எண் பெருஞ்சாலை, மலேசியத் தமிழரின் வாழ்வை அவ்வாறு படிக்கத் தக்கதோர் ஏடாகும்.

முற்காலத்தில் இந்நாட்டின் வழிகள் ஆறுகளே. ஊர்களும் ஆற்றங்கரையிலேயே அமைந்தன. ஈயம் அந்நிலையை மாற்றியது. சுரங்கங்களிலிருந்து ஆற்றுத்துறைக்கும் கடற்கரைக்கும் வண்டிப் பாதைகள் போடப்பட்டன. 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் இருப்புப்பாதை ஓடியது. 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டரசாயின. துண்டு துண்டாகக் கிடந்த பாதைகள் காலப்போக்கில் வடக்கு தெற்காக இணைந்தன. ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருகச் சாலையும் வளர்ந்தது. 1924இல் ஜொகூர் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டபோது சிங்கப்பூரும் அதனோடு சேர்ந்தது.

இச்சாலைப் பணியில் தமிழரின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் கடல் கடந்து வந்தோர் அனைவரும் தோட்டங்களுக்கே சென்றுவிடவில்லை. ஒரு பகுதியினர் இருப்புப்பாதையிலும் பொதுப்பணி இலாகாவிலும் சேர்ந்தனர். கல்லுடைத்தனர், செம்மண் கொட்டினர், கொதிக்கும் தாரை ஊற்றினர், மழைக்காலத்தில் வடிகால் வெட்டினர். சாலையோர லயங்களில் குடியிருந்து, மரத்தடியில் முனீஸ்வரரையும் மாரியம்மனையும் நிறுத்தி வழிபட்டனர்.

ஈயத்துக்கும் ரப்பருக்குமாக ஆங்கிலேயர் போட்ட சாலை, அவர்தம் பகைவருக்கும் பயன்பட்டது. 1942 ஜனவரி 7ஆம் நாள் ஜப்பானிய டாங்கிகள் இதே சாலை வழியே இறங்கி, சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் இந்தியப் படையணிகளைச் சிதறடித்தன. நான்கு நாள்களில் கோலாலம்பூர் வீழ்ந்தது.

அமைதி திரும்பிய சில ஆண்டுகளிலேயே அடுத்த இடர் வந்தது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் சீனர். தோட்ட லயங்கள் பலவும் முள்வேலிக்குள் வந்தன. மக்களை இணைத்த சாலை, அவர்களைக் காவல் காக்கும் சாலையாகவும் ஆயிற்று.

அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960களில் பொதுப்பணிக்குப் பொறுப்பான அமைச்சராய் விளங்கினார். 1974 முதல் 2008 வரை அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த துன் ச. சாமிவேலு 1979இல் அப்பொறுப்பை ஏற்றார். கல்லுடைத்த சமூகம் ஒன்று, சாலைகளைத் திட்டமிடும் நாற்காலிக்கு வந்தது சிறிய மாற்றமன்று.

1994 செப்டம்பர் 8இல் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. நெடுந்தூர வாகனங்கள் அதன்வழி செல்ல, பீடோர், தாப்பா, கம்பார் போன்ற ஊர்களின் நடுவே ஓடிய பழைய சாலையில் நெரிசல் தணிந்தது. வழிப்போக்கரை நம்பியிருந்த கடைகள் வாடின. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, லயங்களும் மறைந்தன. சில இடங்களில் சாலையோரக் கோயில் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

மைல்கல்லில் ஊர்ப்பெயர் உண்டு. அக்கல்லை நட்டவன் பெயர் இல்லை. அவசரகாலத்தைக் கண்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் அறிந்த பெயர்களையேனும் கேட்டு எழுதி வைப்பது, இச்சாலையில் பயணம் செய்யும் தலைமுறையின் கடனாகும்.