கடல் கடந்த பிள்ளைகள் – ஒரு வரலாற்றுப் பார்வை

கொடுப்பது புண்ணியம், கொடுத்தவர் தாமே சென்று காண்பது அதனினும் மேலான புண்ணியம். நம் தேவ அன்னை எலிசபெத்தம்மாளுக்கு ஆள்வழி உதவி அனுப்பவில்லை. மலைநாட்டுக்குத் தாமே விரைந்து சென்றார்கள். பசித்தவருக்கு உணவளிப்பதைப் போதித்த ஆண்டவர், நோயாளியையும் சிறைப்பட்டவரையும் தேடிச் சென்று பார்ப்பதை அதே வரிசையில் வைத்தார். தொலைநாட்டுப் பிள்ளையொன்றை மாதந்தோறும் ஆதரித்து, ஒருநாள் அதன் வாசற்படியை மிதிக்கும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதை ஜூபிலி ஆண்டில் நினைவுகூர்வது சாலப் பொருந்தும்.

மாதம் ஒரு காசு

1843ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நான்சி நகர் ஆயர் சார்லஸ் தெ ஃபோர்பின்-ஜான்சன் ஆண்டகை திருப்பாலத்துவ சபையை நிறுவினார். சீனாவில் கைவிடப்பட்ட குழந்தைகளின் துயரம் அவர் உள்ளத்தை உருக்கியது. பிரெஞ்சுச் சிறுவர் ஒவ்வொருவரும் நாளுக்கு ஒருமுறை அருள் நிறைந்த மரியே செபம் சொல்ல வேண்டும்; மாதம் ஒரு சிறு காசு கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் சபை விதி. 1922ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் இதைப் பாப்பரசரின் நேரடிச் சபைகளுள் ஒன்றாக உயர்த்தினார். ஆயினும் காசு கொடுத்த பிள்ளையும் காசு பெற்ற பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

ஆசீர்வாதப்பரின் இரு நிருபங்கள்

முதல் உலகப்போர் ஓய்ந்தும் ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளில் குழந்தைகள் பட்டினியால் வாடினர். தோற்ற எதிரியின் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசியவர் எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. துண்டுப்பிரசுரம் வழங்கியதற்காக அவருக்கு லண்டன் நீதிமன்றம் 5 பவுன் அபராதம் விதித்தது. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே அத்தொகையைத் தம் கையிலிருந்து கொடுத்தாராம்! 1919ல் அவ்வம்மையார் தம் சகோதரியுடன் ‘சேவ் த சில்ட்ரன்’ நிதியைத் தொடங்கினார்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர் அவரை வரவேற்று ஆதரித்தார். 1919 நவம்பர் 24 அன்று நிருபம் எழுதி, மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகிய டிசம்பர் 28ல் உலகெங்குமுள்ள ஆலயங்களில் காணிக்கை திரட்டப் பணித்தார். மறு ஆண்டு டிசம்பர் 1ல் எழுதிய இரண்டாம் நிருபத்தில் இந்நிதியைப் பெயர் சொல்லியே பாராட்டினார். கொடுப்பவர் ஒருவரை ஒரு குறிப்பிட்ட பிள்ளையோடு இணைக்கும் முறை 1920களில் இந்நிதியின் பணியில்தான் உருவெடுத்தது.

கடிதமும் படமும்

1937ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற பத்திரிகையாளர், ஹோசே என்னும் அனாதைச் சிறுவனைக் கண்டார். தாம் கொல்லப்படப்போவதை அறிந்த தந்தை, மகனைக் காக்குமாறு எழுதிய சீட்டு அவனிடம் இருந்தது. இதன் பலனாகப் பிறந்ததே ‘பிளான்’ அமைப்பு. கடிதமும் புகைப்படமும் அனுப்பி உறவு வளர்ப்பது அதன் முறை.

1947ல் சீனாவின் சியாமென் நகரில், அடிபட்டு வீட்டிலிருந்து துரத்தப்பட்ட சிறுமியை ஆசிரியை ஒருவர் அமெரிக்கப் போதகர் பாப் பியர்சின் கையில் கொடுத்து, இவளுக்கு என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டார். அவர் தம்மிடமிருந்த 5 டாலரைக் கொடுத்து, மாதந்தோறும் அனுப்புவதாகவும் வாக்களித்தார். 1950ல் ‘வேர்ல்டு விஷன்’ தோன்றியது. 1952ல் கொரியப் பிள்ளைகளுக்காக எவரெட் ஸ்வான்சன் தொடங்கிய பணி பின்னாளில் ‘கம்பேஷன்’ ஆயிற்று. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1959ல் பிறந்த ‘கிண்டர்நோட்ஹில்ஃபே’ முதலில் ஆதரித்தது இந்தியப் பிள்ளைகளையே.

நேரில் கண்டதால் வெளிவந்த உண்மை

நல்ல பணியிலும் குறைகள் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஸ்பான்சர் கிடைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் மனத்தாங்கல் வராதா? காசு பெற்றதற்காகக் குழந்தை நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமா? 1982ல் ‘நியூ இன்டர்நேஷனலிஸ்ட்’ இதழ் இக்கேள்விகளை உரக்கவே எழுப்பியது. 1998ல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழார் தாங்களே பிள்ளைகளை ஆதரித்து, பின்னர் நேரில் தேடிச் சென்றனர். மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்தே போயிருந்தாள். அவள் பெயரில் ஸ்பான்சருக்குக் கடிதங்களோ தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. எந்த அறிக்கையும் சொல்லாததைச் சென்று கண்ட கண்கள் சொல்லின. அன்பு மட்டும் போதாது, விசாரிப்பும் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

விருந்தாளியின் ஒழுங்கு

இன்று ஸ்பான்சர் தம் விருப்பப்படி பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. முன்கூட்டியே அமைப்புக்கு எழுத வேண்டும்; நன்னடத்தை விசாரணைக்கு உட்பட வேண்டும்; பணியாளர் உடனிருக்கவே சந்திப்பு நடைபெறும். பணத்தையோ விலையுயர்ந்த பொருளையோ பிள்ளையின் கையில் நேரே கொடுப்பதை அமைப்புகள் விரும்புவதில்லை. இவ்விதிகள் சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளையின் பாதுகாப்பும், அதன் பெற்றோரின் மானமும், அயலாரின் மனமும் இவற்றால் காக்கப்படுகின்றன. பணம் கொடுத்தவர் அவ்வீட்டுக்கு எசமானர் அல்லர், விருந்தாளி.

இதனை வாழ்ந்து காட்டியவர் பாப் ஹென்ட்சன் என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர். 1981ல் தம் சகோதரர்களோடும் நண்பரோடும் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் அவர் தொடங்கிய அமைப்பு இன்று ‘அன்பவுண்ட்’ எனப்படுகிறது. பிள்ளைகளோடு முதியோரையும் இது ஆதரிக்கிறது. ஸ்பான்சர்களைக் குழுவாக அழைத்துச் சென்று குடும்பங்களைச் சந்திக்கவும் வைக்கிறது. ஹென்ட்சன் 1996ல் கான்சாஸிலிருந்து குவாத்தமாலா வரை ஏறத்தாழ 4,000 மைல் நடந்தே சென்றார். எழுபது வயதைக் கடந்தபின், 2009 இறுதியில் குவாத்தமாலாவிலிருந்து மீண்டும் புறப்பட்டு, 12 நாடுகளின் வழியே சுமார் 8,000 மைல் நடந்து 2011ல் சிலி நாட்டை அடைந்தார். வழியில் ஆதரவு பெறும் தாய்மாரும் பிள்ளைகளும் அவருடன் நடந்தனர். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே பாதையில் நடந்த காட்சி அது! 2013ல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

பலன் என்ன?

அதே 2013ல் பொருளாதார அறிஞர் வைடிக்கும் இருவரும் வெளியிட்ட ஆய்வு, 6 நாடுகளில் 10,144 பேரை ஆராய்ந்தது. ‘கம்பேஷன்’ ஆதரவு பெற்ற பிள்ளைகள் மற்றவரைவிட 1 முதல் 1½ ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்தனர் என்று கண்டது. அந்த 6 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. எனினும் வெளிநாட்டு நிதி பெறுவதற்கான கட்டுப்பாட்டால் 2017ல் அவ்வமைப்பு இந்தியாவில் பணியை முடித்துக்கொண்டபோது, ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளின் கடிதத் தொடர்பு அறுந்தது. தூரத்து அன்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது!

அன்பார்ந்த பங்கு மக்களே! கடல் கடந்து செல்லும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிட்டும். ஆனால் நம் பங்கு எல்லைக்குள்ளேயே, நம் காணிக்கையை மட்டும் கண்டு நம் முகத்தைக் காணாத வீடுகள் இருக்கக்கூடும். ஜூபிலி ஆண்டில் அவ்வீடுகளுக்கு நடந்து செல்வோம். எசமானராக அல்ல, விருந்தாளியாகச் செல்வோம்.