ஹில்குரோவ்: ஊர் இல்லாத ஒரு ரயில் நிலையத்தின் வரலாறு

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலை ரயில் பாதையில், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,090 மீட்டர் உயரத்தில் ஹில்குரோவ் என்னும் சிறு நிலையம் இருக்கிறது. சுற்றிலும் காடு. நடைமேடையை விட்டு இறங்கினால் கடைத்தெருவோ சந்தையோ கண்ணில் படாது. காலையில் மலையேறும் வண்டி இங்கே நிற்கும்போது பயணிகள் இறங்கித் தேநீர் குடிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், கையில் இருக்கும் தின்பண்டத்தைக் குரங்குகளிடம் பறிகொடுக்கிறார்கள், மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். பயணம் முடிந்து இங்கே இறங்குவோர் அரிது. இப்படிப்பட்ட இடத்தில் எதற்கு ஒரு நிலையம் என்று சுற்றுலா நூல்கள் கேட்பதில்லை. நீலகிரி ரயில் வரலாற்றை எழுதியவர்களும் பெரும்பாலும் குன்னூருக்கும் உதகைக்கும் விரைந்து போய்விடுகிறார்கள். அந்தக் கேள்விக்கான விடையில்தான் இப்பாதையின் மரபுரிமை எது என்பதற்கான விடையும் அடங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஹில்குரோவ் பயணிகளுக்காக எழுந்த நிலையமன்று, எஞ்சினுக்காக எழுந்தது. அதைப் பழைய கட்டடமாக மட்டும் பார்த்துப் பாதுகாத்தால் பாதுகாக்க வேண்டியது கைநழுவிப் போகும்.

சமவெளியில் கிராமப்புற நிலையத்தின் வரலாற்றை எழுதுவதற்குப் பழகிய ஒரு வழி உண்டு. எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு நெல்லும் பருத்தியும் போயின, நிலையத்தையொட்டிச் சந்தை எப்படி வளர்ந்தது, நிலையச் சாலை என்ற பெயரில் ஊர் எந்தப் பக்கம் நீண்டது என்று கணக்கெடுப்போம். நிலையத்தையும் ஊரையும் பிரிக்காமல் பார்க்கும் இந்த முறை நல்ல முறைதான். நீலகிரியிலேயே கேத்திக்கும் லவ்டேலுக்கும் அது பொருந்தும். கேத்திப் பள்ளத்தாக்கில் மக்கள் இருக்கிறார்கள். லவ்டேலில் 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. 1982இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ படத்தின் இறுதிக் காட்சிக்குப் பிறகு, கேத்தி நிலையத்தைப் பார்க்காதவர்களுக்கும் அது தெரிந்த இடமாகிவிட்டது. ஹில்குரோவிலோ இந்த அளவுகோலை வைத்தால் அளக்க எதுவும் அகப்படாது. ஆகவே அளவுகோலை மாற்ற வேண்டியிருக்கிறது.

பாதையின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது 1873இல். அதற்கு மேலே போக மாட்டு வண்டி, மட்டக்குதிரை, டோங்கா, பல்லக்கு. மலைக்கு இருப்புப்பாதை போடும் யோசனை 1854இலேயே எழுந்தது. 1882இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் நிக்கலாஸ் ரிகன்பாக் இதற்கென முன்வந்தார். 1885இல் ஒரு கம்பெனி உருவானது. 1891இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு பணியைத் தொடங்கிவைத்தார். கம்பெனி நொடித்துப் போனது. அடுத்து வந்த கம்பெனி வேலையை முடித்து, 1899 ஜூனில் குன்னூர் வரை வண்டி ஓடியது. உதகையை எட்டியது 1908இல். நிதி நெருக்கடிகளின் இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே நமக்கு வேண்டியது, கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழில்நுட்பம். ரிகன்பாக்கிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் வகுத்த பல்லிருப்பு முறை இங்கே வந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள் ஓடுகின்றன. ஒரு பட்டையின் பல் மற்றதன் பல்லுக்கு நேராக இராமல் சற்றுத் தள்ளி அமைந்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கிறது.

பல்லிருப்பு கல்லாற்றை அடுத்துத் தொடங்கிக் குன்னூரில் முடிகிறது. கல்லாறு சுமார் 405 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,712 மீட்டரில். ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள் 1,300 மீட்டர் ஏற்றம். மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் 12.5க்கு 1, அதாவது கிலோமீட்டருக்கு 80 மீட்டர். எஞ்சின் வண்டியை முன்னால் நின்று இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளுகிறது. இந்தப் பாதைக்கென்று சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்களில் நான்கு உருளைகள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்லிருப்பில் நுழைந்ததும், அந்த இரண்டிலிருந்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். நீராவியை இரண்டு முறை வேலை வாங்கும் இந்தச் சிக்கனத்துக்குப் பிறகும் தண்ணீர் தீர்ந்துகொண்டே இருக்கும். மணிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் எடை முழுவதையும் மலைமேல் தூக்கும் கொதிகலனுக்குச் சமவெளியின் கணக்கு ஆகாது.

நிலையங்களின் இடைவெளி இதனால்தான் அப்படி அமைந்தது. கல்லாற்றுக்கு அடுத்து 13ஆவது கிலோமீட்டரில் அடர்லி, 18இல் ஹில்குரோவ், 21இல் ரன்னிமேடு. அடர்லிக்கும் ஹில்குரோவுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் ஏறத்தாழ 360 மீட்டர். சமவெளியில் ஊர்களைப் பார்த்து நிலையங்களை வைத்தார்கள். இங்கே கொதிகலனின் தாகத்தைப் பார்த்து வைத்தார்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கவும் இடம் வேண்டும். கட்டடம், பெயர்ப்பலகை, நடைமேடை எல்லாம் இந்தத் தேவைகளைச் சுற்றிப் பிறகு வந்து சேர்ந்த உறுப்புகள். தண்ணீர்த் தொட்டியும் அதிலிருந்து எஞ்சினுக்கு நீர் இறக்கும் குழாயுமே நிலையத்தின் கரு.

கல்லாற்று நிலையம் இதை எதிர்மறையாக உறுதிப்படுத்துகிறது. அங்கே இன்று பயணிகள் ஏறி இறங்குவதில்லை. பயணிகள் கணக்கில் அது மூடப்பட்ட நிலையம். ஆனால் எஞ்சின் பல்லைப் பற்றுவது அந்த இடத்தை ஒட்டித்தான். அந்தக் கணத்தில் பிழை நேர்ந்தால் வண்டி மலை ஏறாது. பயணிகள் போன பின்பும் கல்லாறு பாதைக்குத் தேவைப்படுகிறது.

இந்த வாசிப்புக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தப் பாதை யாருக்காக என்று கேட்பவர்கள் எழுப்புவது அது. சென்னை மாகாண அரசு கோடையில் உதகைக்கு இடம்பெயர்ந்தது. தேயிலை, காப்பித் தோட்ட முதலாளிகள், வெலிங்டன் படைமுகாம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை ஆகியவற்றுக்கு இந்தப் பாதை பயன்பட்டது. அப்படியிருக்க, பல்சக்கரத்தையும் உருளைகளையும் வியந்து பேசுவது ஆதிக்கத்தின் கதையை இயந்திரத்தின் அழகுக்குள் மறைப்பதாகாதா? கேள்வி நியாயமானது. மலை ரயில் பற்றிய பல படப் புத்தகங்கள் இந்தக் குற்றச்சாட்டுக்கு முழுத் தகுதி உடையவை. ஆனால் அந்த மறுப்பும் பாதையைப் பயணியின் இருக்கையிலிருந்தே பார்க்கிறது. முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேட்கிறதே தவிர, வண்டியை மேலே கொண்டுபோனவர் யார் என்று கேட்பதில்லை. ஹில்குரோவில் நின்று பார்த்தால் பயணி வந்துபோகிறவர். அங்கே இருப்பவர்கள் நிலையப் பணியாளரும், தண்டவாளத்தைக் காக்கும் கேங்மேன்களும், மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அள்ளுபவர்களும். வண்டியிலோ ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். பெட்டியின் முகப்பில் நின்று, கொடி அசைத்துச் செய்தி கடத்தி, கைப்பிரேக்கைக் கையாள்கிறவர். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்னால் பாதை எப்படி என்று ஓட்டுநருக்கு நேராகத் தெரியாது. இந்தக் கண்களைத்தான் நம்ப வேண்டும். நிலையத்தை வேலையிடமாக வாசித்தால் உழைப்பாளிகள் வரலாற்றின் நடுவே வந்து நிற்கிறார்கள். ஆதிக்கத்தைப் பேசுவோருக்கும் இந்த வாசிப்பே கூடுதலாகப் பயன்படும்.

இன்னொரு மறுப்பு பொருள்களின் பழமை பற்றியது. தொடக்க கால எஞ்சின்கள் இங்கிலாந்தின் பேயர் பீக்காக் நிறுவனத்தவை. அவை போய் எக்ஸ் வகை வந்தது. அதிலும் கடைசித் தொகுதி 1952இல்தான் வந்தது. இந்த நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள். குன்னூருக்கு மேலே டீசல் தள்ளுகிறது. இதில் எதை மூலப்பொருள் என்று காப்பது என்று கேட்கலாம். பொருளைப் பார்த்தால் விடை கிடைக்காது. வேலையைப் பார்த்தால் கிடைக்கும். நிலக்கரி எரித்தாலும் எண்ணெய் எரித்தாலும் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே 1899இல் குன்னூர் ஏறிய எஞ்சினுக்கும் பொன்மலையில் பிறந்த எஞ்சினுக்கும் இந்த மலைச்சரிவில் தேவை ஒன்றே. அந்தத் தொடர்ச்சி எந்தப் பழைய ஓட்டையும் மரச்சட்டத்தையும் விட அரிது. டார்ஜிலிங் பாதைக்கு 1999இல் கிடைத்த உலக மரபுரிமைத் தகுதியை யுனெஸ்கோ 2005இல் நீலகிரிக்கும் நீட்டியபோது, இன்றும் இயங்கும் பாதை என்பது அதன் மதிப்பில் பெரும் பங்கு வகித்தது. நாளை பல்லிருப்பில் நீராவி நின்று வேறு எஞ்சின் வந்தால், ஹில்குரோவ் கட்டடத்தில் ஒரு செங்கல்லும் அசையாமல் இருந்தாலும் அந்த நிலையம் அன்றோடு முடிந்தது என்றே சொல்வேன். அதற்குப் பிறகு அது தேநீர்க் கடை.

நிலையத்தை எல்லைக்கல்லோடு முடித்துவிடவும் முடியாது. இது யானைகள் நடமாடும் காடு. 2022இல் இந்த மலைப்பாதையோரம் எழுப்பிய தடுப்புச் சுவர் யானைகளை மறித்து, எதிர்ப்பு எழுந்து, பிறகு அகற்றப்பட்டது. பாதையைக் காக்கிறோம் என்ற பெயரில் காட்டை மறந்த செயல் அது. எஞ்சினுக்குத் தண்ணீர் தருவதும் அதே காடுதான் என்பதை நினைத்தால், அந்த மறதி எத்தனை விந்தையானது என்று விளங்கும்.

இந்த நிலையத்துக்கு எழுதும் பாதுகாப்புத் திட்டம் எதுவானாலும் வண்ணப் பூச்சிலிருந்தும் அலங்கார விளக்கிலிருந்தும் தொடங்கக் கூடாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தக் குழாய் எந்த ஆண்டு மாறியது, கோடையில் வரத்துக் குறைந்தால் என்ன செய்தார்கள், மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் இங்கே என்னென்ன சோதனைகள் நடக்கின்றன என்பவற்றை முதலில் பதிவு செய்ய வேண்டும். பிரேக்ஸ்மேன்களும் ஓட்டுநர்களும் குன்னூர் எஞ்சின் கொட்டகையின் தொழிலாளர்களும் அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி கைப்பழக்கமாகவே வந்தது. ஓய்வு பெற்றவர்களிடம் கேட்டு எழுதும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டமும் சேர்ந்து செய்யக்கூடிய பணி இது. ஹில்குரோவையும் குன்னூர் கொட்டகையையும் இரண்டு திட்டங்களாகப் பிரிக்காமல் ஒரே ஆவணத்தில் எழுத வேண்டும்.