வங்கத்தை வளைத்த ஆகாயத் தாமரை

கண்ணுக்கினிய ஊதா மலர் ஒன்று சட்டசபை வரை சென்ற வரலாறு வங்காளத்திற்கு உரியது. தென் அமெரிக்க நீர்நிலைகளில் தோன்றிய ஆகாயத் தாமரை, அழகுக்காகவே அங்குக் கொணரப்பட்டது என்பர். மலாய் மக்கள் இதனைக் கெலாடி புந்திங் என்பர். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீனர் பன்றித் தீவனத்துக்காக இதனைக் குளங்களில் வளர்த்ததுண்டு. வங்க உழவனுக்கோ அஃது எமனாயிற்று.

கிழக்கு வங்காளத்தில் வெள்ளம் ஏற ஏற நெற்பயிரும் உயர்ந்து வளரும். அவ்வெள்ளத்தோடு மிதந்து வந்த செடிக்கூட்டம் பயிரை அழுத்தி மாய்த்தது. படகே வண்டியான நாட்டில் கால்வாய்கள் அடைபட்டன. முதல் உலகப் போரின்போது இது ஜெர்மானியர் சூழ்ச்சி என வதந்தி எழுந்தது. 'ஜெர்மன் பானா' என்றே பெயரும் வழங்கலாயிற்று. பகைவன்மேல் பழி போடுதல் எளிதன்றோ! ரயில் பாதைக்காக எழுப்பிய கரைகள் நீரோட்டத்தைத் தடுத்துச் செடிக்குத் துணை செய்ததை எண்ணியவர் சிலரே.

1921இல் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் தலைமையில் அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. மருந்து தெளித்தால் இலை கருகும். தண்டு மீண்டும் தளிர்க்கும். சேற்றில் புதைந்த விதை 15 ஆண்டு கழித்தும் முளைக்கும். ஆகவே கையால் வாரி அகற்றுவதே வழியாயிற்று. ஆனால் ஒருவன் மட்டும் தன் குளத்தைத் துப்புரவு செய்து பயனென்ன? இரு வாரத்தில் இருமடங்காகும் செடி, அண்டை வீட்டான் குளத்திலிருந்து அடுத்த வெள்ளத்திலேயே திரும்பிவிடும். இதனாற்றான் 1936ஆம் ஆண்டுச் சட்டம் தன் இடத்தில் அச்செடியை வைத்திருப்பதைத் தடுத்தது. ஒழிப்பு வேலையில் சேர்வதையும் கட்டாயமாக்கியது. நோக்கம் நன்று. எனினும் நீருக்கு எல்லைக்கல் ஏது? ஆறு கொண்டுவந்து தள்ளியதற்கும் ஏழைக் குடியானவனே பொறுப்பாளியானான்.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சிகள் இச்செடியை ஒழிப்பதாக வாக்களித்தன. வெற்றிக்குப்பின் ஃபஸ்லுல் ஹக்கின் அமைச்சரவை 1939இல் 'ஆகாயத் தாமரை வாரம்' நடத்தியது. ஊரார் ஒன்றுகூடி நீரில் இறங்கினர். தனித்தனியே செய்து தோற்ற வேலை, சேர்ந்து செய்தபோது பலித்தது. 1947க்குள் தொல்லை பெரிதும் தணிந்தது. வாரிக் குவித்த செடி மக்கி நல்ல எருவாவதைக் குடியானவன் கண்டுகொண்டதும் இதற்கு ஒரு காரணம்.

இன்று வங்காளதேசமான அந்நாட்டின் தென்பகுதித் தாழ்நிலங்களில், இச்செடியையே அடுக்கடுக்காகக் குவித்து மிதக்கும் பாத்தி கட்டி, அதன்மேல் காய்கறியும் நாற்றும் வளர்க்கின்றனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2015இல் இம்முறையை உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.