நோயாளியோடு நின்றுவிடாத நிலையம்: புனே வைரஸ் ஆய்வின் எழுபது ஆண்டுகள்

1952ஆம் ஆண்டு புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் நம் நிலையம் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து இதைத் தொடங்கின. கழகத்தின் முதல் இயக்குநர் டாக்டர் சி. ஜி. பண்டிட், சென்னை கிண்டி கிங் நிலையத்தை நடத்திய அனுபவத்தோடு டெல்லி சென்றவர். மையத்தின் முதல் இயக்குநராக வந்த டாக்டர் ஆஸ்டின் கெர் மஞ்சள் காய்ச்சல் ஆய்வில் ஊறியவர். கொசுவும் உண்ணியும் பரப்பும் வைரஸ்களைக் கண்டறிவதே மையத்துக்கு இடப்பட்ட பணி. கொசுவைத் தேடிப் போகிறவர், அது கடிக்கும் மாட்டையும் பறவையையும், அது பெருகும் வயலையும் பார்க்காமல் திரும்ப முடியாது. இன்று உலகம் ‘ஒன் ஹெல்த்’ என்று பெயர் சூட்டிப் பேசுவது, புனே அம்பேத்கர் சாலையிலுள்ள நம் கட்டடத்தில் அப்போதே அன்றாட வேலையாக இருந்தது.

முதல் பெரிய பாடம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. 1955இல் வடஆற்காடு மாவட்டத்துக் குழந்தைகள் கடும் காய்ச்சலும் வலிப்புமாக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனத் தெரிந்தபின், நம்மவர்கள் அந்தி சாயும் நேரத்தில் டார்ச் விளக்கோடு மாட்டுக்கொட்டகைகளில் நின்று, வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழாயில் கொசு பிடித்தார்கள். நெல்வயல் நீரில் பெருகும் கொசு, கொக்கு நாரைகளிடமும் பன்றிகளிடமும் வைரஸை எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறது என்ற முழுச் சங்கிலி பின்னர் தெளிவாயிற்று.

1957 கோடையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், சொரபா, சாகர் வட்டங்களின் காட்டோர ஊர்களில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே, விறகுக்கும் தழைக்கும் காட்டுக்குள் போய்வந்த மனிதர்களும் காய்ச்சலில் படுத்தார்கள். ஊர்மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய், என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அறிவியல் வந்துசேரும் முன்பே ஊர் சரியான பெயரை வைத்துவிட்டது. அப்போதைய இயக்குநர் டாக்டர் டெல்ஃபோர்ட் வொர்க்கும் டாக்டர் ஹெரால்டு டிராபிடோவும் அங்கே விரைந்தார்கள். ஆசியா அதுவரை கண்டிராத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்பதே அவர்களுடைய முதல் அச்சம்.

தேடிய இடத்தில் கொசு குற்றவாளியாகச் சிக்கவில்லை. வெள்ளைத் துணியைக் கோலில் கட்டிக் காட்டுச் சருகின் மேல் இழுத்துப் போனார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் மிளகைவிடச் சிறிய உண்ணிகள் துணியில் ஒட்டின. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழாயில் போட்டார்கள். செத்த மந்திகளைக் காட்டிலேயே அறுத்து, உறுப்புகளைப் பனிக்கட்டியில் வைத்துப் புனேக்கு அனுப்பினார்கள். கியாசனூர் காட்டுக் குரங்கிலிருந்து பிரிந்த வைரஸ், ரஷ்யக் காடுகளின் உண்ணி வைரஸுக்கு உறவு. காட்டின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

இதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. கியாசனூர் வைரஸ் ஆய்வகத்துக்குள்ளும் தொற்றியது. பாதுகாப்பு அறைகளோ தடுப்பூசியோ இல்லாத அந்தக் காலத்தில் ஆய்வாளர்களும் உதவியாளர்களும் பலர் அதே காய்ச்சலில் விழுந்தார்கள். தேறி எழுந்தவர்கள் திரும்பி வந்தது அதே மேசைக்குத்தான். பட்டியலில் பெயர் ஏறாத கள உதவியாளர்களை இந்த மலர் வணக்கத்தோடு நினைக்கிறது.

அறுபதுகளில் கேள்வி விரிந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்தனவா? உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியலாளர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாரும் பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள். அந்த ஐயம் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த வளையப் பணி, இந்தியப் பறவையியலுக்கு ஒரு காய்ச்சல் தந்த சீதனம். கொலம்பியாவிலிருந்து வந்த டாக்டர் ஹோர்ஹே போஷெல் காட்டோரத்தையே உற்றுப் பார்த்தார். காட்டைத் திருத்தி வயலாக்குகிறார்கள். மாடுகள் காட்டில் மேய்கின்றன. வளர்ந்த உண்ணிகள் மாட்டு இரத்தத்தில் கொழுத்துப் பெருகுகின்றன. அவற்றின் குஞ்சுகள் குரங்கையும் மனிதனையும் கடிக்கின்றன. 1969இல் அவர் எழுதிய இந்த விளக்கம் இன்றும் பாடமாக இருக்கிறது.

அதே பத்தாண்டில் 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பரவிய சிக்குன்குனியாவை நம்மவர்கள் ஆராய்ந்தார்கள். 1965இல் நாக்பூருக்கு அருகே சண்டிபுராவில் காய்ச்சல் கண்டவர்களிடமிருந்து புதிய வைரஸ் ஒன்று பிரிக்கப்பட்டது. 1967இல் நிலையம் முழுமையாக இந்தியப் பொறுப்புக்கு வந்தது. 1978இல் தேசிய வைராலஜி நிறுவனமாக உயர்ந்தபோது, கியாசனூர் ஆய்வில் வளர்ந்த டாக்டர் கோர்ஷெத் பாவ்ரி அதன் முதல் பெண் இயக்குநரானார்.

புதிய நூற்றாண்டு மூச்சுவிட இடம் தரவில்லை. 2006இல் மகாராஷ்டிரத்து நவாப்பூர்க் கோழிப்பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் வந்தது. கோழிகளைப் போபால் கால்நடை ஆய்வகம் பார்க்க, மனிதர்களை நாம் சோதித்தோம். 2011 ஜனவரியில் குஜராத்தில் கிரிமியன்-காங்கோ காய்ச்சலை இந்தியாவில் முதல்முறையாக உறுதிசெய்தோம். நோயாளிக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் அதில் உயிரிழந்தார்கள். ஆடுமாடுகளைச் சோதித்தபோது அவற்றிலும் தொற்றின் தடம் இருந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில், நான்காம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் புனேயின் பாஷாணில் திறக்கப்பட்டது. அந்தச் சமயத்திலேயே பந்திப்பூரிலும் நீலகிரியிலும் இறந்த குரங்குகளில் கியாசனூர் வைரஸ் இருப்பது தெரியவந்தது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா. நோய் தொடங்கிய வீட்டுக் கிணற்றில் பிடிபட்டவை பூச்சி தின்னும் வௌவால்கள். அவற்றில் நிபா வைரஸ் இல்லை. நம் குழு விடவில்லை. பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு வலை கட்டி, தொண்டைச் சளியைப் பஞ்சில் எடுத்தது. நோயாளிகளிடம் இருந்ததற்கு மிக நெருங்கிய வைரஸ் அங்கே கிடைத்தது.

2020 ஜனவரியில் திருச்சூர் மாணவியின் மாதிரியில் நாட்டின் முதல் கோவிட் தொற்றை உறுதிசெய்ததும் நாம்தான். அப்போது தலைமையேற்றிருந்த டாக்டர் பிரியா ஆபிரகாம் அதே வேலூர் கல்லூரியிலிருந்து வந்தவர். நம் ஆய்வகத்தில் பிரித்தெடுத்த வைரஸே கோவாக்சின் தடுப்பூசிக்கு விதையாயிற்று.

மனிதர், விலங்கு, சூழல் மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் தேசிய ஒன் ஹெல்த் நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் நாக்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து சண்டிபுரா தொலைவில் இல்லை.