உயர்ந்த மலையும் உரைக்கப்பட்ட மலையும்

துருக்கி நாட்டின் மிக உயர்ந்த சிகரம் எது என்று வினவினால், அராராத் என்று பள்ளி மாணவனும் விடை சொல்வான். பொது அறிவு நூல்களிலே அவ்விடையோடு, "நோவாவின் பேழை தங்கிய மலை" என்னும் ஒரு வரியும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். காலையில் பள்ளிக்கூடத்தில் அவ்வரியைப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை, மாலையில் மக்தபில் அமர்ந்து ஹூத் அத்தியாயத்தை ஓதும்போது, கப்பல் ஜூதியின் மீது நிலைகொண்டது என்று உஸ்தாது பொருள் சொல்லக் கேட்கிறது. இரண்டில் எது மெய் என்னும் ஐயம் அதன் உள்ளத்தில் எழுவது இயல்பே. உலகெல்லாம் ஒன்று சொல்ல, திருமறை மட்டும் வேறொன்று சொல்வதுபோல் அந்த வரி தோன்றச் செய்துவிடுகிறது. உண்மை நிலை அதுதானா என்பதை வரலாற்று வழியில் ஆராய்வது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன் தரும்.

முதலில் மலைகளின் அளவைப் பார்ப்போம். துருக்கியின் கிழக்குக் கோடியில், ஈரான், ஆர்மீனியா ஆகிய நாடுகளின் எல்லையருகே அராராத் நிற்கிறது. உயரம் 5,137 மீட்டர். துருக்கியர் இதனை ஆக்ரி மலை என்பர். ஆர்மீனியர் மாசிஸ் என்பர். பாரசீகர் நூஹ் மலை என்பர். அடங்கிய எரிமலையாகிய இது, ஏறத்தாழ 800 மீட்டர் உயரமே உள்ள சமவெளியிலிருந்து வேறு தொடர்மலைகளின் துணையின்றித் தனியே எழுவதால், காண்போர் கண்ணுக்கு அதன் உயரம் இரு மடங்காகத் தோன்றும். அருகிலேயே சிறிய அராராத் 3,896 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவாக நிற்கிறது. அரபுப் புவியியலாளர்கள் பெரியதை அல்ஹாரிஸ் என்றும் சிறியதை அல்ஹுவைரிஸ் என்றும் அழைத்தனர். ஸர்ஃப் இலக்கணம் பயின்றோர், பின்னது முன்னதன் தஸ்கீர் வடிவம் என்பதை உடனே கண்டுகொள்வர். தாய் மலைக்குப் பக்கத்தில் சேய் மலை என்பதாக அப்பெயரமைப்பு எத்துணை அழகாக இருக்கிறது!

அடுத்தது ஹக்காரிப் பகுதியில் ஜீலோ மலைத்தொடரின் உச்சி, 4,135 மீட்டர். வான் ஏரியின் வடகரையில் சுப்ஹான் என்னும் எரிமலை 4,058 மீட்டர். கருங்கடற் கரையோரத்துக் கச்கார் மலையும், நடு அனத்தோலியாவின் எர்ஜியஸ் மலையும் நான்காயிரத்தை நெருங்கி நிற்பவை. எர்ஜியஸின் உச்சியில் ஏறுவோர் மிகச் சிலரே என்றும், வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து வடகடலும் தென்கடலும் ஒருங்கே தெரியும் என்று அவர்கள் கூறுவர் என்றும் கிரேக்க அறிஞர் ஸ்திராபோ எழுதி வைத்தார். அம்மலையடிவாரத்து கைஸரி நகரில்தான் மௌலானா ரூமியின் ஆசான் ஸையித் புர்ஹானுத்தீன் திர்மிதி அவர்கள் அடங்கியுள்ளார்கள். பின்னாளில் உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக விளங்கிய சினான் பிறந்த சிற்றூரும் அந்நகருக்கு அருகிலேயே உள்ளது.

இவ்வரிசையில் ஜூதி எங்கே? பத்தாவது இருபதாவது இடத்திற்குக்கூட அது வாராது. அதன் உயரம் சுமார் 2,100 மீட்டர்தான். அராராத்தின் பாதியும் இல்லை. இன்றைய ஷிர்னாக் மாகாணத்தில், சிரியா, ஈராக் எல்லைகளுக்கு அணித்தாக, தஜ்லா ஆற்றங்கரையிலுள்ள ஜிஸ்ரே நகருக்குக் கிழக்கே அது நீண்டு கிடக்கிறது. அராராத்துக்கும் அதற்கும் இடையே பல மலைத்தொடர்கள் உள்ளன.

ஜிஸ்ரே என்றவுடன் பலருக்கு விளங்காமற் போகலாம். வரலாற்று நூல்களில் ஜஸீரத்து இப்னு உமர் எனப்படும் ஊர் அதுவே. மாபெரும் வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் 1160ஆம் ஆண்டில் பிறந்தது அவ்வூரில். திருக்குர்ஆன் ஓதும் முறையைக் கற்கும் மாணவர் மனனம் செய்யும் ஜஸரிய்யாவை யாத்த இமாம் இப்னுல் ஜஸரி டமாஸ்கஸில் பிறந்தவரேனும், அவர் பெயரோடு ஒட்டிய "ஜஸரி" என்பது இவ்வூரையே குறிக்கும். ஆக, ஜூதியின் நிழலில் இருக்கும் ஊரின் பெயரை நம் மதரஸாக்களில் நாள்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், அறியாமலே.

இனி வழக்குக்கு வருவோம். கப்பல் அராராத் மலையில் தங்கியதாக பைபிள் கூறுகிறது என்பது பலரின் எண்ணம். ஆதியாகமத்தின் எட்டாம் அதிகாரம் "அராராத் மலை" என்று கூறவில்லை. அராராத்தின் மலைகள் என்று பன்மையிலேயே கூறுகிறது. அங்கே அராராத் என்பது ஒரு சிகரத்தின் பெயரன்று, நாட்டின் பெயர். வான் ஏரிக்கரையைத் தலைநகராகக் கொண்டு, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரை ஆண்ட உரார்த்து அரசை அஸ்ஸீரியக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. எபிரேய எழுத்தும் அரபியைப் போலவே மெய்யெழுத்துகளை மட்டும் எழுதும் முறையினது. உயிர்க்குறிகள் நூற்றாண்டுகள் பல கழிந்த பின்னரே இடப்பட்டன. உரார்த்துவே அவ்விதம் அராராத் என்று ஒலிக்கலாயிற்று. ஸபர், ஸேர் குறிகளின்றி எழுதப்பட்ட சொல்லைப் பழக்கமில்லாத ஒருவர் எப்படியெல்லாம் வாசிப்பார் என்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

அந்நாட்டு மலைகளுள் எது? பண்டை யூதரே அதற்கு விடை கூறியுள்ளனர். தவ்ராத்தின் பழைய அரமேய மொழிபெயர்ப்பாகிய ஒன்கெலோஸ் தர்கூம், அராராத் என்னும் இடத்தில் கர்தூ மலைகள் என்றே எழுதுகிறது. கிறித்தவர்களின் சுரியானி மொழிபெயர்ப்பாகிய பெஷீத்தாவும் கர்தூ என்றே கூறுகிறது. கர்தூ என்பது ஜூதி அமைந்துள்ள நிலப்பகுதியின் பழம்பெயர். இவற்றுக்கெல்லாம் முன்னரே, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோன் நகரத்துப் பூசகராயிருந்த பெரோஸஸ், பேழையின் ஒரு பகுதி கோர்துயர் மலையில் இன்னும் இருப்பதாகவும், மக்கள் அதிலிருந்து கீலைச் சுரண்டிக் காப்புக்காக அணிவதாகவும் எழுதினார். அவர் நூல் மறைந்துவிட்டது, ஆனால் கி.பி. முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் அச்செய்தியை எடுத்தாண்டிருப்பதால் அது நமக்குக் கிடைத்துள்ளது.

எனவே, ஜூதி என்று திருமறை கூறியது உலக வழக்குக்கு மாறான ஒரு கூற்றன்று. திருமறை அருளப்பட்ட காலத்தில் அப்பகுதி யூதரும் கிறித்தவரும் சுட்டிய மலையும் இதுவே. அந்த மலையுச்சியில் நெஸ்தோரியக் கிறித்தவர்களின் "பேழை மடம்" ஒன்று இருந்தது. அது 766ஆம் ஆண்டில், அப்பாஸிய கலீஃபா மன்ஸூரின் ஆட்சிக் காலத்தில், இடி விழுந்து எரிந்தது எனச் சுரியானி வரலாறு குறிக்கிறது. உரோமப் பேரரசர் ஹிராக்ல், அதாவது பெருமானார் (ஸல்) அவர்கள் மடல் விடுத்த அதே ஹிராக்ல், பாரசீகரை வென்றபின் ஜூதியின் மீது ஏறிப் பார்த்தார் என்று கிறித்தவ அரபு வரலாற்றாசிரியர் அல்மகீன் எழுதுகிறார். அவர் ஹிராக்லுக்கு ஆறு நூற்றாண்டுகள் பிற்பட்டவர் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

நம் அறிஞர்களைப் பார்ப்போம். ஜூதி என்பது ஜஸீராவிலுள்ள ஒரு மலை என்னும் முஜாஹித் அவர்களின் விளக்கத்தை இமாம் புகாரி தம் நூலிலே பதிந்துள்ளார்கள். வெள்ளத்தின்போது மலைகள் யாவும் தாம் மூழ்காதிருக்க நிமிர்ந்து உயர்ந்தன, ஜூதி மட்டும் பணிந்தது, ஆகவே அதன் மீது கப்பல் நின்றது என்னும் கருத்தும் முஜாஹித் அவர்களின் பெயராலேயே தஃப்ஸீர்களில் வருகிறது. மேடைகளில் இதனை நபிமொழி என்றே சிலர் கூறக் கேட்கிறோம். இது தாபிஈ ஒருவரின் கூற்று. அந்த அளவிலேயே அதனை வைத்தல் வேண்டும். பத்தாம் நூற்றாண்டின் அல்மஸ்ஊதி, ஜூதிக்கும் தஜ்லாவுக்கும் இடையே எட்டு ஃபர்ஸக் தொலைவு என்று அளவும் கூறி, கப்பல் நின்ற இடம் தம் காலத்திலும் காட்டப்படுவதாக எழுதுகிறார். 1229இல் மறைந்த யாகூத், அங்கே நூஹ் நபியின் பள்ளிவாசல் அன்றும் நின்றதைக் குறிக்கிறார். தய்யி குலத்தாரின் அஜா மலையிலும் ஜூதி என்றொரு மலை உண்டு என்பதையும் அவர் மறையாது சொல்கிறார். அவர் போன்றோரின் நேர்மை அது. இப்னு பதூதா 1327ஆம் ஆண்டையொட்டி ஜஸீரத்து இப்னு உமருக்கு வந்தபோது, இறைமறை கூறும் ஜூதியைக் கண்டதாகவும், அது உயர்ந்து நீண்ட மலை என்றும் தம் பயண நூலில் எழுதிச் சென்றார்.

அரபியர் அல்ஹாரிஸ் மலையை அறியாதவர் அல்லர் என்பதும் கருதத்தக்கது. அதன் உச்சியின் ஓயாத பனியை அவர்கள் எழுதியுள்ளனர். அதன் அடிவாரத்தில் ஓடும் அரஸ் ஆற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் அர்ரஸ். திருமறை கூறும் அஸ்ஹாபுர் ரஸ் மக்கள் இக்கரையில் வாழ்ந்தனர் என்றும், ஆயிரம் நகரங்களைக் கொண்ட அவர்கள் தம் நபியை மறுத்ததால் தாயிஃபிலிருந்து ஹாரிஸ், ஹுவைரிஸ் ஆகிய இரு மலைகளும் பெயர்த்துக் கொணரப்பட்டு அவர்கள் மீது வைக்கப்பட்டன என்றும் ஒரு கதை பழம் புவியியல் நூல்களில் உலவுகிறது. கதை சுவையானது, ஆயின் அதற்கு வலுவான ஸனத் கிடையாது. நம் நோக்கத்திற்கு வேண்டுவது இதுவே: அம்மலையைச் சுற்றி இத்தனை கதைகளைச் சேர்த்த அவர்கள், கப்பலை மட்டும் ஜூதிக்கே உரியதாக்கினர்.

பின் எவ்விதம் கப்பல் வடக்கே சென்றது? விடை ஆர்மீனிய வரலாற்றிலேயே இருக்கிறது. நஸீபீன் நகரத்து யாக்கோபு என்னும் துறவி பேழையைக் காண மலையேறினார், களைத்து உறங்கினார், வானவர் ஒருவர் ஒரு மரத்துண்டைக் கொடுத்து அவரைத் திருப்பியனுப்பினார் என்பது கிறித்தவர்களின் ஐதிகம். ஐந்தாம் நூற்றாண்டு ஆர்மீனிய நூல் இதனைக் கோர்துக் நாட்டு மலையில் நடந்ததாகவே சொல்கிறது. நஸீபீனிலிருந்து பார்த்தால் அருகிலிருப்பது ஜூதி மலைப்புறமே. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, ஆர்மீனியர் தம் நாட்டின் மாபெரும் மலையாகிய மாசிஸுக்கு அக்கதையை மாற்றினர். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளுக்குப் பின் அது வேரூன்றியது. அவ்வழியே சென்ற மார்க்கோ போலோ முதலிய ஐரோப்பியப் பயணிகள் தாம் கேட்டதை எழுத, ஐரோப்பா முழுவதும் அதுவே வழக்காயிற்று. மிக உயர்ந்ததே முதலில் வெள்ளத்தினின்று வெளிப்பட்டிருக்கும் என்னும் எண்ணமும் இதற்குத் துணை செய்திருக்கக்கூடும்.

1828ஆம் ஆண்டு துர்க்மன்சாய் உடன்படிக்கையால் எரவான் நாடு பாரசீகரிடமிருந்து ரஷ்யருக்குச் சென்றது. அடுத்த ஆண்டே, 1829 அக்டோபர் 9ஆம் நாள், தோர்ப்பாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாரட் என்பவரும், கச்சதூர் அபோவியான் என்னும் ஆர்மீனிய இளைஞரும், உடன் வந்த சிலரும் அராராத்தின் உச்சியை அடைந்தனர். மனிதர் ஏறவொண்ணாத மலை என நம்பியிருந்த ஆர்மீனிய குருமார் இதனை ஏற்கவே மறுத்தனர். 1840இல் நிலநடுக்கத்தால் சரிந்த பாறையும் சேறும் மலையடிவாரத்து அகோரி என்னும் ஊரையும், யாக்கோபின் பெயரால் நின்ற மடத்தையும் மக்களோடு மூடிவிட்டன.

பேழை தேடும் முயற்சிகளோ ஓயவில்லை. 1955இல் நவாரா என்னும் பிரெஞ்சுக்காரர் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து மரத்துண்டு கொணர்ந்தார். கார்பன் ஆய்வில் அது கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளின் மரம் என்று தெரிந்தது. 1959இல் துருபினார் என்னும் துருக்கிப் படைத்தலைவர், விமானப் படங்களில் கப்பல் வடிவான நிலமேடு ஒன்றைக் கண்டார்; நில இயலார் அது இயற்கையாய் அமைந்த மண்ணும் பாறையுமே என்றனர். 1971இல் சந்திரனில் நடந்த ஜேம்ஸ் இர்வின் 1982இல் அராராத்தில் ஏறி, விழுந்து காயமுற்றதோடு சரி, பேழையைக் காணவில்லை. "கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது" என்னும் செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் வீடுகளுக்கும் வருகிறது. அந்தத் துருபினார் மேட்டின் படத்தை மார்க்க அறிவிப்புப் பலகையில் ஒட்டி மகிழ்வோரையும் காண்கிறோம். அவ்விடம் அராராத்துக்குத் தெற்கே உள்ளது; ஜூதியிலிருந்தோ வெகு தொலைவு. தம் மறை கூறாத மலையின் படத்தைத் தம் மறைக்குச் சான்றாக ஒட்டுவது எவ்வகைப் பக்தி என்று விளங்கவில்லை.

அராராத் இன்று ஆர்மீனியரின் துயரச் சின்னமும் ஆகிவிட்டது. 1915ஆம் ஆண்டின் கொடிய நிகழ்ச்சிகளில் அம்மலையைச் சூழ்ந்த நாட்டிலிருந்து அம்மக்கள் அழிக்கப்பட்டும் விரட்டப்பட்டும் போயினர். 1921இன் கார்ஸ் உடன்படிக்கை மலையைத் துருக்கியின் எல்லைக்குள் வைத்தது. எரவான் நகரத்து மாடங்களிலிருந்து பார்த்தால் பனிமுடி தெரியும். அவர்கள் நாட்டு முத்திரையிலும் அதுவே பொறிக்கப்பட்டுள்ளது. அந்தப் பனியும் சுருங்கி வருகிறது. 1976இல் ஏறத்தாழ 8 சதுர கிலோமீட்டராயிருந்த பனிப்பரப்பு 2011இல் ஆறுக்கும் குறைந்துவிட்டது.

ஜூதியின் நிலை வேறு. 1909இல் அங்கே ஏறிய ஆங்கிலப் பெண்மணி கெர்ட்ரூட் பெல், உச்சியில் கற்களாலான பாழடைந்த சுவர்களைக் கண்டார். "ஸஃபீனத்து நபி நூஹ்" என்று அவ்விடத்தை அப்பகுதி மக்கள் அழைத்தனர். ஆண்டுக்கொரு நாள் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யஸீதிகளும் ஒருங்கே ஏறி அங்கே பலி கொடுப்பர் என்று அக்காலப் பயணிகள் எழுதினர். பின்னர் அக்கிறித்தவரும் பெரும்பாலோர் அங்கில்லாமற் போயினர். 1984க்குப் பின் துருக்கிப் படைக்கும் குர்திஷ் கிளர்ச்சியாளருக்கும் நடந்த போரில் மலையைச் சுற்றிய ஊர்கள் பல காலியாயின. பல்லாண்டுகள் ஏறுவதற்கே தடை இருந்தது.

அடிவாரத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொல்லி முடிக்கலாம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் கட்டிய ஊர் என்று அரபியர் அதனை ஸமானீன் என்றனர். எண்பது என்பது பொருள். கப்பலில் இருந்தோர் எண்பதின்மர் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பெயரால் வரும் கூற்று. எண்மரே என்பது பைபிளின் கணக்கு. திருமறை எண் எதுவும் கூறாமல், அவருடன் நம்பிக்கை கொண்டோர் சிலரே என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இன்று குர்திஷ் மக்கள் அவ்வூரை ஹெஷ்தான் என்கின்றனர். அவர்கள் மொழியில் ஹெஷ்த் என்றால் எட்டு. ஹெஷ்தே என்றால் எண்பது.