சாம்பலுக்குள் ஒளிஞ்ச பழுப்பு: 1939-ம் வருஷத்து டாங்கிக்கு என்ன பெயின்ட் அடிக்கணும்?

பிளாஸ்டிக் டாங்கி கிட் ஒட்டறவங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. ஜெர்மன் டாங்கின்னாலே போதும், யோசிக்காம கரும்சாம்பல் புட்டியைத் திறந்துடுவாங்க. போலந்து, பிரான்ஸ், ரஷ்யா எதுவா இருந்தாலும் 1943-க்கு முன்னாடின்னா கரும்சாம்பல், அதுக்கப்புறம்னா மஞ்சள். பாடப்புத்தகத்துல வாய்ப்பாடு மாதிரி.

இதுல 1943 சமாசாரம் சரிதான். அந்த வருஷம் பிப்ரவரியில அடிப்படை நிறத்தையே மஞ்சளா மாத்தி உத்தரவு போட்டாங்க. ஆனா 1939 செப்டம்பர்ல போலந்துக்குள்ள நுழைஞ்ச டாங்கிகள் வெறும் சாம்பல் இல்லை. பல வருஷமா புத்தகம், கிட் பெட்டி மேல இருக்கற படம், கூடவே வர்ற செய்முறைத் தாள் எல்லாமே வெறும் சாம்பல்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தது.

உண்மை என்னன்னா, 1937 ஜூலையில ஜெர்மன் ராணுவம் போட்ட உத்தரவுப்படி டாங்கிக்கு ரெண்டு நிறம். மூணுல ரெண்டு பங்கு கரும்சாம்பல், ஒரு பங்கு கரும்பழுப்பு. அதுக்கு முன்னாடி மண்மஞ்சள், பச்சை, பழுப்புன்னு மூணு நிறம் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பழுப்பை விட்டுட்டு வெறும் சாம்பல் மட்டும் போதும்னு சொன்னது 1940 ஜூலை 31-ல. பெயின்ட் மிச்சம் பிடிக்கத்தான்! அதாவது போலந்தும் முடிஞ்சு, பிரான்ஸும் விழுந்த பிறகு.

அப்புறம் எப்படி இத்தனை பேர் கண்ணுல அந்தப் பழுப்பு படாம போச்சு? காரணம் ரொம்ப சாதாரணம். நாம பார்க்கற போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. கரும்சாம்பலும் கரும்பழுப்பும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட ஒரே அளவு இருட்டு. பிலிம்ல விழும்போது ரெண்டும் ஒண்ணா கலந்துடும். அதுமேல தூசி வேற படிஞ்சுட்டா கேட்கவே வேண்டாம். போட்டோவுல தெரியலைன்னா இல்லவே இல்லைன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. தாமஸ் ஜென்ட்ஸ், ஹிலரி டாயில் மாதிரி ஆய்வாளர்கள் பழைய உத்தரவுகளைத் தோண்டி எடுத்து எழுதின பிறகுதான், பழைய போட்டோக்களை எல்லாரும் திரும்பப் பார்த்தாங்க. நல்ல தெளிவான படத்துல உத்துப் பார்த்தா, மெலிசா மேகம் மாதிரி ஒரு திட்டு. அடடா, அங்கேயேதான் இருந்திருக்கு!

சரி, இப்ப டாங்கிக்கு வருவோம். போலந்துப் போருக்கு எது பொருத்தம்னு கேட்டா நான் சொல்றது பன்சர் 1. நிறைய பேர் பெரிய பீரங்கி வச்ச பன்சர் 4-ஐத்தான் தேடுவாங்க. ஆனா அன்னிக்கு ஜெர்மனிகிட்ட இருந்த மூணாம், நாலாம் மாடல்கள் ரெண்டையும் சேர்த்தாலே சில நூறுதான். பன்சர் 1 மட்டும் 1,400-க்கு மேல. சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் முதல்ல அதைச் செஞ்சாங்க. வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி டாங்கி வச்சுக்கக் கூடாதுங்கறதால, காகிதத்துல அதுக்கு வச்ச பேர் 'விவசாய டிராக்டர்'! உள்ள ரெண்டே ரெண்டு பேர். ரெண்டு மெஷின் கன். பீரங்கியே கிடையாது.

1/35 அளவுல இதன் பி ரகத்தைச் செஞ்சீங்கன்னா 12.6 சென்டிமீட்டர் நீளம் வரும். உயரம் 5 சென்டிமீட்டர்கூட இல்லை. நிஜத்துல 1.72 மீட்டர், ஒரு ஆள் உயரம். பக்கத்துல ஒரு சிப்பாய் பொம்மையை நிறுத்தினா டாங்கி ரொம்ப பெரிசாத் தெரியாது. பார்க்கறவங்க முதல்ல கேக்கறது, "இவ்ளோ சின்னதா?"

இதோட தகடு அதிகபட்சம் 13 மில்லிமீட்டர். அதை 35-ஆல வகுத்துப் பாருங்க: 0.37 மி.மீ. விசிட்டிங் கார்டு கனம்தான்! கிட்ல வர்ற பிளாஸ்டிக்கை அவ்வளவு மெலிசா வார்க்க முடியாது. அதனால வெளியே தெரியற விளிம்புகள், சக்கரத்துக்கு மேல இருக்கற மட்கார்டு ஓரம் எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டு உள்பக்கமாத் தேய்ச்சு மெலிசாக்கணும். மட்கார்டு நிஜத்துல வெறும் தகரம். தேய்ச்சுக்கிட்டே இருக்கும்போது ஒண்ணு உறைக்கும்: இதுக்குள்ள உக்காந்துக்கிட்டு யாரு சண்டைக்குப் போவாங்க? போலந்து வீரர்கள்கிட்ட இருந்த டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி, ஒரு ஆள் தூக்கிட்டு ஓடற ஆயுதம், இந்தத் தகட்டைத் துளைச்சுடும்.

இங்கதான் இன்னொரு பழைய கதையும் உடையுது. போலந்துக் குதிரைப்படை ஈட்டியைத் தூக்கிக்கிட்டு டாங்கி மேல பாஞ்சதுன்னு நீங்களும் கேட்டிருப்பீங்க. நடந்தது வேற. 1939 செப்டம்பர் 1-ந் தேதி குரோயான்டிங்கற கிராமத்துக்கிட்ட 18-வது குதிரைப்படை ரெஜிமென்ட் பாஞ்சது ஜெர்மன் காலாட்படை மேல. அவங்க சிதறி ஓடினப்புறம், கவச வண்டிகள் வந்து மெஷின் கன்னால சுட்டதுல குதிரைகளும் வீரர்களும் விழுந்தாங்க. பிற்பாடு அந்த இடத்தைப் பார்த்த வெளிநாட்டு நிருபர்கள் பக்கத்துல டாங்கியையும் பார்த்தாங்க, கதை தானா முளைச்சுது. ஜெர்மன் பிரசாரத்துக்கு அது வசதியாவும் போச்சு. அதே நாள் மோக்ராவுல வோலின் குதிரைப்படை குதிரையை விட்டு இறங்கி, 37 மி.மீ. பீரங்கியை வச்சு, ஒரு கவச ரயிலோட துணையோட, ஜெர்மனியின் 4-வது பன்சர் டிவிஷனை நாள் பூரா மறிச்சு நிறுத்தினாங்க. இதைச் சொல்றவங்க எத்தனை பேர்?

சாம்பல் கதையும் ஈட்டிக் கதையும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். படத்தைப் பாதி பார்த்துட்டு, மீதியை நாமே நிரப்பிக்கிட்டது.

இனி பெயின்ட். கொலு பொம்மை மாதிரி பளிச்னு அடிச்சா வேலைக்காகாது. ஒட்டி முடிச்சு, இடைவெளிக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடிச்சபிறகு முதல்ல சாம்பல். புட்டியில இருக்கற கரும்சாம்பலை அப்படியே அடிச்சா சின்ன மாடல்ல அது கறுப்பாத்தான் தெரியும். தூரத்துல இருக்கற பெரிய வண்டியைப் பார்க்கும்போது நடுவுல இருக்கற காத்து நிறத்தை வெளுக்க வைக்கும், மாடல்ல அது கிடையாது. அதனால கொஞ்சம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலந்துக்குங்க. அப்புறம் பழுப்பு. மண் பழுப்போட துளி கறுப்பு சேர்த்து, ஏர்பிரஷ்ல மூணுல ஒரு பங்கு இடத்துல பெரிய பெரிய திட்டா. ஓரம் கத்தி வெட்டின மாதிரி இருக்கக் கூடாது, புகை மாதிரி கரையணும். திட்டு சக்கரத்து மேலயும் இறங்கட்டும்.

அடுத்தது சிலுவை. போலந்துக்குப் போன டாங்கிகள்ல பெரிய, முழு வெள்ளைச் சிலுவை. தூரத்திலிருந்தே பளிச்னு தெரியும். யாருக்கு? போலந்து பீரங்கிக்காரங்களுக்கு! குறி வைக்க இதைவிட வசதி வேணுமா. ரெண்டு மூணு நாள்லயே டாங்கிக்காரங்க அதுமேல சேத்தை அப்ப ஆரம்பிச்சாங்க. சிலர் நடுவுல மஞ்சள் பெயின்டை அடிச்சு ஓரத்தை மட்டும் விட்டாங்க. பின்னாடி வெள்ளை ஓரம் மட்டும் இருக்கற சிலுவை வந்தது இந்த அனுபவத்தாலதான். அதனால டீகாலை அழகா ஒட்டிட்டு, அதுமேல நீங்களே கையால மண் நிறத்தைப் பூசணும். மனசு வராதுதான் :-)

அழுக்கு விஷயத்துலயும் ஒரு சங்கதி. டாங்கின்னா சேறுன்னு பலபேர் சக்கரம் முழுக்க அப்பிடுவாங்க. 1939 செப்டம்பர் போலந்துல மழை சரியாப் பெய்யலை. ஆறுகள்ல தண்ணி குறைஞ்சு கிடந்தது. மழை வந்திருந்தா மண்ரோட்டுல டாங்கி புதைஞ்சிருக்கும், போரின் போக்கே கொஞ்சம் மாறியிருக்கலாம்னு நினைச்சவங்க உண்டு. அதனால உங்க மாடலுக்குச் சேறு வேண்டாம், தூசி. வெளிர் மண் நிறத்தை நல்லா நீர்க்கக் கலந்து கீழ்ப்பாகத்துல அதிகமாவும் மேல போகப் போகக் குறைவாவும் அடிச்சாப் போதும்.

வாஷ் கொடுக்க டர்பன்டைன் எடுக்கும்போது எனக்கு வார்சா நகரம் ஞாபகம் வரும். மோக்ராவுல தடுக்கப்பட்ட அதே 4-வது பன்சர் டிவிஷன் செப்டம்பர் 8-ந் தேதி வார்சா எல்லைக்கு வந்துடுச்சு. மறுநாள் வோலா பகுதியில காவலுக்கு இருந்த போலந்து வீரர்கள், பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து டர்பன்டைன் பீப்பாய்களை உருட்டிட்டு வந்து ரோட்டுல ஊத்தி, டாங்கிகள் கிட்ட வந்ததும் கொளுத்தினாங்க. அந்தத் தாக்குதல்ல டிவிஷன் ஏராளமான டாங்கிகளை இழந்து பின்வாங்கிச்சு. நகரம் சரணடைஞ்சது செப்டம்பர் 28-ல. அதுக்குள்ள குண்டுவீச்சுல ஆயிரக்கணக்கான பொதுமக்கள் செத்துப் போயிருந்தாங்க.

"ஏன்யா, போயும் போயும் நாஜி டாங்கியை இவ்ளோ பாடுபட்டுச் செய்யணுமா?"ன்னு கேக்கறவங்க உண்டு. நியாயமான கேள்வி. பெட்டி மேல இருக்கற படத்துல வர்ற டாங்கி, ஒரு கீறல் இல்லாம, சாம்பல் நிறத்துல, யாராலயும் வெல்ல முடியாத இரும்பு மிருகமா நிக்கும். அது அன்னிக்கு அவங்க பிரசாரப் படத்துல காட்ட விரும்பின டாங்கி. சரியாச் செஞ்ச மாடல்ல இருக்கறது விசிட்டிங் கார்டு கனத் தகடு, ரெண்டு மெஷின் கன், பயத்துல சேறு பூசின சிலுவை. எதிர்த்து நின்னவங்க வெறும் முட்டாள் குதிரைக்காரங்க இல்லைன்னும் அது சேர்த்துச் சொல்லும். ரெண்டுல எதை அலமாரியில வைக்கறதுங்கறது உங்க இஷ்டம்.

செஞ்சு முடிச்சவங்க ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. மாடலை வெயில்ல வச்சு மொபைல்ல ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையா மாத்துங்க. அவ்வளவு கஷ்டப்பட்டு அடிச்ச பழுப்பு, இருந்த இடம் தெரியாம போயிடும். பார்க்கறவங்க சத்தியம் பண்ணுவாங்க, வெறும் சாம்பல்னு.