பூச்சியமும் பொருளுடைத்து

இல்லாமை வேறு, எண்ணப்படாமை வேறு. இவ்விரண்டுக்குமிடையிலான பேதத்தை விஞ்ஞான வரலாற்றில் தெளிவாகப் புலப்படுத்திய நிகழ்ச்சிகளுள் ஒன்று, புவியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வலயங்களின் கண்டுபிடிப்பாகும்.

1958 ஜனவரி 31 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா தனது முதற் செய்மதியான எக்ஸ்புளோரர் 1 ஐ ஏவியது. அயோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் அலனின் குழுவினர் அண்டக்கதிர்களை எண்ணும் பொருட்டு அமைத்த கைகர் எண்ணி அதிலே பொருத்தப்பட்டிருந்தது. செய்மதி தாழப் பறந்த வேளைகளில், எதிர்பார்த்தவாறே செக்கனுக்கு ஏறத்தாழ 30 துணிக்கைகள் பதிவாயின. உயரச் சென்றபோதோ எண்ணிக்கை சில வேளைகளிற் பூச்சியமாயிற்று. கருவி பழுதுற்றதோ என்ற ஐயம் எழுந்தது. மார்ச் 26 இல் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 3, பதிவு நாடாவின் துணையுடன் முழுச் சுற்றொன்றின் அளவீடுகளைத் தந்தபோது, அதிலும் அதே பூச்சியம் தோன்றியது.

ஐயந் தீர்ந்தது ஆய்வுகூட மேசையிலேதான். ஆய்வு மாணவராயிருந்த கார்ல் மக்கில்வெயின், அத்தகைய எண்ணியொன்றை எக்ஸ் கதிர்களின் முன் வைத்துச் சோதித்தார். கதிரின் செறிவு கூடக் கூட எண்ணிக்கை முதலில் உயர்ந்து, பின்னர் பூச்சியத்துக்கு வீழ்ந்தது. ஒரு துணிக்கை உண்டாக்கும் மின்னிறக்கத்திலிருந்து எண்ணி மீள்வதற்குள் மற்றொன்று வந்து சேரின், எழுந் துடிப்பு நலிந்துவிடும். நலிந்த துடிப்பை மின்சுற்று கணக்கிடாது. ஆகவே, செய்மதி அனுப்பிய பூச்சியம் துணிக்கைகளின் மிகுதியையே குறித்தது. இம்முடிவு 1958 மே 1 இல் வாஷிங்டனில் வெளியிடப்பட்டது. ஜூலையிற் சென்ற எக்ஸ்புளோரர் 4, கடுங் கதிர்ப்பையும் அளக்க வல்ல கருவிகளைச் சுமந்தது.

பசறைத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்திலுள்ள தராசை, நிறை அறிந்த படிக்கல்லாற் சோதிப்பதை ஒத்ததே இம்முறை. இன்று துணிக்கைக் கருவிகள் ஏவப்படுமுன் சக்தி அறியப்பட்ட கதிர்களால் அளவுகோடிடப்படுகின்றன. ஏவிய பின்னரும் சோதிக்கப்படுகின்றன. செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்டப் பணிப்பாளராயிருக்க, இந்தியா 2023 செப்டெம்பர் 2 இல் ஏவிய ஆதித்யா எல்1 இன் துணிக்கைக் கருவி, செப்டெம்பர் 10 இல், கதிர்வீச்சு வலயங்களுக்கு அப்பால், 50,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் இயக்கப்பட்டது. அதன் நலம் சோதிக்கப்பட்ட பின்னரே அளவீடு தொடர்ந்தது.

தராசுக்கும் எண்ணிக்கும் பொருந்தும் இவ்விதி வரலாற்றுச் சான்றுகளுக்கும் பொருந்தும். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. 1952 இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை. தேர்தற் பெறுபேறுகளை மட்டும் நோக்கும் ஆய்வாளன், ஊவாவின் தோட்டங்கள் ஐந்தாண்டுகளில் வெறுமையாகிவிட்டன என்றே மயங்கக்கூடும். மக்களோ அங்கேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். எண்ணியின் குறை பௌதிக நியதியால் நேர்ந்தது. இடாப்பின் குறை மனிதர் இயற்றிய சட்டத்தால் நேர்ந்தது. இரண்டிடத்தும் ஆய்வாளனின் முதற் கடமை, தன் கையிலுள்ள சான்று எதனை எண்ண வல்லது, எதனை எண்ணாது விடும் என்று சோதித்தறிதலேயாகும்.